முதல் கணினி மொழி எது? பாலக்காட்டு எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

பத்தாவது, பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் ஒரே கேள்விதான் சுற்றும்: "ஏனுங்க, பையன் பைத்தான் படிக்கட்டுமா, ஜாவா படிக்கட்டுமா?" கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மாமன் மகன் ஜாவா என்பான், கொச்சி இன்ஃபோபார்க்கில் இருக்கிற பக்கத்து வீட்டு அக்கா ஜாவாஸ்கிரிப்ட் என்பார், பள்ளிக்கூடத்தில் சி++ நடக்கும், யூடியூபைத் திறந்தால் ரஸ்ட் தெரியாதவனுக்கு எதிர்காலமே இல்லை என்று ஒருவர் கத்துவார். நாலு பேர் சொன்னதையும் கேட்டு நாலையும் ஆரம்பித்து, எல்லாவற்றிலும் பெயரைத் திரையில் காட்டுகிற முதல் பாடத்தோடு நின்றுபோன பிள்ளைகள் நம் பக்கம் நிறையப் பேர். அவர்களிடம் அறிவுக்குக் குறைவில்லை. தேர்ந்தெடுக்க யாரோ கொடுத்த அளவுகோல்தான் பொருந்தாமல் போயிற்று.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் மொழியைத் தீர்மானிக்க வேண்டியவை மூன்று: உங்களுக்கு முன்னால் நிற்கிற பரீட்சை, உங்கள் கையில் இருக்கிற கருவி, சிக்கினால் கூப்பிட்டுக் கேட்க முடிகிற ஆள். 'இந்த வருடம் அதிகச் சம்பளம் தரும் பத்து மொழிகள்' என்று வருகிற பட்டியல்கள் ஏற்கெனவே இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கானவை. பிளஸ் ஒன் பிள்ளை வேலைக்குப் போக இன்னும் ஐந்தாறு வருடம் இருக்கிறது, அதற்குள் அந்தப் பட்டியல் பல தடவை மாறிவிடும். இந்த மூன்றையும் யோசித்துப் பார்த்தும் பதில் கிடைக்கவில்லை என்றால் பைத்தானில் ஆரம்பியுங்கள். ஏன் பைத்தான் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

முதல் வேலை: பாடப்புத்தகத்தின் பொருளடக்கத்தைப் பாருங்கள்

மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்கு இது முக்கியம். இங்கே ஒரு வீட்டுப் பிள்ளை கேரளப் பாடத்திட்டத்தில் படிக்கும், எதிர்வீட்டுப் பிள்ளை பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறிப் போய்த் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படிக்கும், மூன்றாவது வீட்டில் சிபிஎஸ்இ. மூன்று பேரும் சாயங்காலம் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசும்போது ஒருவருக்குச் சரியான அறிவுரை இன்னொருவரைக் குழப்பிவிடும்.

கேரள ஹயர் செகண்டரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் பிளஸ் ஒன்னில் சி++தான் பாடம். பிளஸ் டூவில் அதன் தொடர்ச்சியோடு எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், எஸ்க்யூஎல் (தரவுத்தளத்தைக் கேட்கிற மொழி), பிஎச்பி எல்லாம் சேர்ந்து வரும். தமிழ்நாட்டில் 2019 வாக்கில் வந்த புதிய பாடத்திட்டப்படி பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தானும் மைஎஸ்க்யூஎல்லும். சிபிஎஸ்இயில் இரண்டு வருடமும் பைத்தான். கேரள உயர்நிலைப் பள்ளி ஐசிடி பாடத்திலும் பைத்தான் வந்திருக்கிறது, திரையில் ஆமைக் குறியை நகர்த்திக் கோடும் வட்டமும் வரைந்தது ஞாபகம் இருக்கும். பாடத்திட்டம் மாறிக்கொண்டே இருப்பதால் அண்ணனுடைய பழைய புத்தகத்தை நம்பாதீர்கள், இந்த வருடப் புத்தகத்தைத் திறந்து பொருளடக்கத்தைப் பாருங்கள்.

பிளஸ் ஒன்னில் சி++ இருக்கிறதா? அப்படியானால் உங்கள் முதல் மொழி சி++, பேச்சு முடிந்தது. அது கஷ்டம், பைத்தான் எளிது என்று யாராவது சொன்னால் அதுவும் உண்மைதான், ஆனால் உங்களுக்கு வாரத்தில் பல பீரியட் சி++ நடக்கிறது, லேப் இருக்கிறது, ரெக்கார்டு நோட்டு எழுதியே ஆகணும், கேட்டால் சொல்ல ஆசிரியர் இருக்கிறார், கூடப் படிக்கிற நாற்பது பேரும் அதே பாடத்தில் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவையும் விட்டுவிட்டு வீட்டில் தனியாக வேறு மொழியோடு மல்லுக்கட்டினால் இரண்டுமே அரைகுறையாகத்தான் நிற்கும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதிவிட்டு உண்மையான புரோகிராமிங்கைப் பிறகு படித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிற பழக்கம் நம் பக்கம் அதிகம், அதைத்தான் முதலில் விடவேண்டும். பாடத்தில் இருப்பதும் உண்மையான புரோகிராமிங்தான். புத்தகத்தில் இருக்கிற ஒவ்வொரு புரோகிராமையும் தட்டச்சு செய்து, ஓட்டிப் பார்த்து, அதில் ஏதாவது ஒன்றை மாற்றி, மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

பத்தாவது பரீட்சை முடிந்த விடுமுறையில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஏப்ரல், மே இரண்டு மாதமும் பைத்தானில் மாறி (வேரியபிள்), நிபந்தனை (இஃப்), சுழற்சி (லூப்) வரைக்கும் போய்விட்டு, பள்ளி திறந்ததும் அதை அப்படியே நிறுத்திவிட்டு சி++க்கு வாருங்கள். சுழற்சி என்றால் என்ன என்று தெரிந்தவனுக்கு சி++ சுழற்சியில் புதிதாக இருப்பது எழுதும் முறை மட்டும்தான்.

சி++ படிக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டர்போ சி++ என்று நீலத் திரையோடு வருமே, அதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து மென்பொருள் அது; சி++க்கு முதல் சர்வதேசத் தரம் வந்ததே 1998இல், இது அதற்கும் முன்னால் செய்தது. அதில் முழு எண் வகை 32,767 வரைதான் தாங்கும், 20,000ஐயும் 20,000ஐயும் கூட்டச் சொன்னால் மைனஸ் 25,536 என்று காட்டும், பிள்ளை தன் கணக்குதான் தப்பு என்று நினைத்து ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும். கேரளப் பள்ளி லேப்களில் லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி ஓர் இலவச இயங்குதளம்) இருப்பதால் ஜிசிசியும் (சி++ புரோகிராமை ஓடவைக்கிற கம்பைலர்) ஜீனியும் (அதை எழுதுகிற எடிட்டர்) வைத்துச் செய்யலாம். வீட்டில் விண்டோஸ் என்றால் கோட் பிளாக்ஸ் போடுங்கள், இலவசம்தான். கல்லூரியில் டர்போவில்தான் செய்யணும் என்று சொன்னால் லேபில் அதைச் செய்துவிட்டு வீட்டில் ஜிசிசியில் செய்து பாருங்கள்.

கையில் என்ன இருக்கிறது?

இதைக் கேட்காமல் மொழி சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். ஆண்ட்ராய்டு ஆப் செய்யணும், அதனால் கோட்லின் என்று ஆசையாக வருவார்கள். நல்ல மொழிதான், 2019 முதல் ஆண்ட்ராய்டுக்கு கூகுள் முதலில் கைகாட்டுவதும் அதைத்தான். ஆனால் அதற்கு வேண்டிய ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்குக் குறைந்தது 8 ஜிபி ராம் வேண்டும். கோவை காந்திபுரத்தில் வாங்கிவந்த பழைய 4 ஜிபி லேப்டாப்பில் அதைப் போட்டால் திறக்கவே பத்து நிமிடம், கற்றுக்கொள்கிற ஆசை அதிலேயே வடிந்துவிடும். ஐபோன் ஆப் செய்கிற ஸ்விஃப்ட் என்றால் மேக் கணினியே வேண்டும், அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

4 ஜிபி லேப்டாப் பைத்தானுக்கும் சி++க்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் தாராளம். பைத்தானுக்குத் தான்னி என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது, புதியவர்களுக்கென்றே செய்தது. புரோகிராமை ஒவ்வொரு அடியாக ஓட்டி எந்த மாறியில் இப்போது என்ன மதிப்பு என்று பக்கத்திலேயே காட்டும். ஜாவாஸ்கிரிப்டுக்கு எதையும் நிறுவவே வேண்டாம், குரோம் இருந்தால் போதும். விண்டோஸே இழுத்துக்கொண்டு நிற்கிற பழைய கணினி என்றால் லினக்ஸ் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். கேரளப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு அது பழகிய திரைதான்.

ஃபோன் மட்டும்தான் இருக்கிறது என்கிறவர்கள் நிறைய. அவர்களுக்குப் பைத்தானைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டேன். பைட்ராய்டு 3 என்கிற ஆப் ஆண்ட்ராய்டில் இணையம் இல்லாமலும் ஓடும். சி++இன் அடைப்புக்குறிகளையும் அரைப்புள்ளிகளையும் ஃபோன் விசைப்பலகையில் தேடித் தேடி அடிப்பது வேதனை. பைத்தானில் அது குறைவு. ஆனால் பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடுகிற இடைவெளிக்கு அர்த்தம் உண்டு, ஒரு வரியில் நாலு இடமும் அடுத்த வரியில் மூன்று இடமும் விட்டால் ஓடாது, சின்னத் திரையில் அது கண்ணுக்குத் தெரியாது. ஃபோனோடு ஒட்டுகிற சின்ன விசைப்பலகை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கான ஓடிஜி இணைப்பு எந்த மொபைல் கடையிலும் கிடைக்கும், இந்தப் பயணத்தில் நீங்கள் செய்ய வேண்டிய முதல் செலவு அதுதான், கோர்ஸ் அல்ல.

என்ன செய்ய ஆசை?

பரீட்சையும் கருவியும் வழி காட்டிவிட்டால் இது தேவைப்படாது. படிப்பை முடித்துவிட்டு வருகிறவர்கள், வேலையில் இருந்துகொண்டே படிக்கிறவர்கள், வீட்டில் இருக்கிற அம்மாக்கள் (ஏன் கூடாது?) இவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி.

இணையப் பக்கம் செய்யணும், கடைக்கு ஒரு வெப்சைட் போடணும் என்றால் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், பிறகு ஜாவாஸ்கிரிப்ட். உலாவிக்குள் ஓடுகிற மொழி என்று பார்த்தால் இதற்குச் சரியான மாற்று இன்றுவரை இல்லை. மோட்டாரை ஃபோனில் இருந்து நிறுத்தணும், தென்னந்தோப்புக்குத் தானாகத் தண்ணீர் பாயணும் என்கிறவர்களுக்கு ஆர்டுயினோ என்கிற சின்ன மின்னணுப் பலகையும் அதற்கான சி++உம். கணக்கு, எக்செல் வேலைகள், தரவு, செயற்கை நுண்ணறிவு இவற்றுக்குப் பைத்தான். ஜாவா பெரிய நிறுவனங்களில் இன்றைக்கும் ஏராளமாக ஓடுகிறது, கோவையிலும் கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் அதற்கு ஆள் எடுக்கிறார்கள், ஆனால் முதல் மொழியாக அதை நான் சொல்வதில்லை. திரையில் ஒரு வரி காட்டுவதற்கே கிளாஸ், ஸ்டாட்டிக் என்று விளக்க முடியாத வார்த்தைகளை 'இப்போதைக்கு அப்படியே எழுதிக்கோ' என்று சொல்லவேண்டியிருக்கிறது, புதியவனுக்கு அந்த வாசகம் நல்லதில்லை. கோ, ரஸ்ட் இரண்டும் அருமையான மொழிகள், இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வரட்டும்.

ஒரே தவறு, மூன்று மொழிகள்

இப்போது ஏன் பைத்தான் என்பதற்கு வருகிறேன். எளிதாக எழுதலாம் என்பதைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிய காரணம், நீங்கள் தவறு செய்யும்போது அந்த மொழி எப்படி நடந்துகொள்கிறது என்பது. முதல் ஆறு மாதம் நீங்கள் செய்யப்போவது முக்கால்வாசி தவறுகள்தான், அதனால் சரியாக எழுதினால் எப்படி இருக்கும் என்பதைவிடத் தப்பாக எழுதினால் என்ன ஆகும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

சித்தூர்ப் பக்கத்து வீடுகளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். காலையில் சொசைட்டிக்கு 6.5 லிட்டர் பால், சாயங்காலம் 5 லிட்டர், விலை லிட்டருக்கு 44 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 11.5 லிட்டர், 506 ரூபாய். புரோகிராம் காலை அளவையும் மாலை அளவையும் கேட்டு வாங்கிக் கூட்டி, விலையால் பெருக்கவேண்டும், அவ்வளவுதான்.

பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் பயனரிடமிருந்து வாங்குவது எண்ணாக வராது, எழுத்தாக வரும். அதை எண்ணாக மாற்ற மறந்துவிடுவது எல்லாப் புதியவரும் செய்கிற தவறு. மாற்றாமல் கூட்டினால் இரண்டு மொழியும் 6.5ஐயும் 5ஐயும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி 6.55 ஆக்கிவிடும். அடுத்து 44ஆல் பெருக்கும்போதுதான் வித்தியாசம். ஜாவாஸ்கிரிப்ட் அந்த எழுத்தைத் தானாகவே எண்ணாக மாற்றிப் பெருக்கி 288 ரூபாய்ச் சொச்சம் என்று விடை காட்டும். பார்த்தால் விடை மாதிரியே இருக்கும், 506 என்று முன்பே தெரியாதவர் நம்பிவிடுவார். பைத்தான் அந்த 6.55 என்ற எழுத்தை நாற்பத்து நாலு தடவை வரிசையாக எழுதித் திரையை நிரப்பிவிடும். எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும் எங்கேயோ தப்பென்று. அதே பைத்தானில் எழுத்தையும் எண்ணையும் கூட்டச் சொன்னால் முடியாது என்று அங்கேயே நின்று, எந்த வரியில் நின்றது என்றும் சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட் ஒட்டிவைத்துவிட்டு மேலே போகும்.

சி++ வேறு மாதிரி. அங்கே ஒவ்வொரு மாறிக்கும் என்ன வகை என்று முன்கூட்டியே சொல்லியாகணும். லிட்டரை முழு எண் என்று அறிவித்துவிட்டு 6.5 என்று தட்டினால் 6ஐ மட்டும் எடுத்துக்கொள்ளும், மிச்சமான .5 அடுத்த கேள்விக்குள் போய்ச் சிக்கி, மாலை அளவை நீங்கள் தட்டுவதற்குள் புரோகிராம் தாண்டிப்போய்விடும். ஏன் என்று கண்டுபிடிப்பது புதியவருக்குச் சிரமம், ஆனால் ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் எண்கள் கணினிக்குள் எப்படி இருக்கின்றன என்பது ஆயுசுக்கும் மறக்காது. 7ஐ 2ஆல் வகுத்தால் சி++ 3 என்று சொல்வதும் அதே காரணத்தால்தான், பைத்தான் 3.5 என்னும். பள்ளியில் சி++ படிக்கிற பிள்ளைகள் நஷ்டப்பட்டவர்கள் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். கூடவே ஆசிரியர் இருந்தால் சி++ நல்ல முதல் மொழி, தனியாகப் படிக்கிறவருக்குப் பைத்தான் நல்ல முதல் மொழி.

ஆங்கிலம் வராதே, தமிழ் மீடியமாச்சே

இந்தப் பயத்தை வைத்துப் பிள்ளைகளைத் தடுக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. முதலில் ஸ்போக்கன் இங்கிலீஷ் போ, பிறகு கம்ப்யூட்டர் பார்த்துக்கலாம் என்று அனுப்பிவிடுகிறார்கள், அந்தப் பிள்ளை இரண்டுக்கும் திரும்பி வருவதில்லை. பைத்தான் 3இல் மொழிக்கே சொந்தமான சொற்கள் மொத்தம் 35தான். சி++க்கு முந்தைய சி மொழியின் பழைய தரத்தில் 32. பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் ஒரு செய்யுளுக்கு வருகிற புதுச் சொற்கள் இதைவிட அதிகம். பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில்தான் வரும், உண்மை, ஆனால் திரும்பத் திரும்ப வருவது ஏழெட்டு வகைதான். ஒரு நோட்டில் இடப்பக்கம் பிழைச் செய்தியை அப்படியே எழுதி, வலப்பக்கம் அது ஏன் வந்தது, எப்படிச் சரியானது என்று தமிழில் எழுதிவையுங்கள். இரண்டு மாதத்தில் அந்த நோட்டைப் புரட்டவேண்டிய தேவை குறைந்துவிடும்.

பைத்தான் 3 மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க விடும். லிட்டர், விலை, மொத்தம் என்று தமிழ் எழுத்தில் எழுதினால் ஓடும். முதல் சில வாரம் தாராளமாக அப்படி எழுதுங்கள், எது மொழியின் சொல், எது நாம் வைத்த பெயர் என்று பளிச்சென்று பிரிந்து தெரியும். மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்யும்போது ஆங்கில எழுத்துக்கு மாறிக்கொள்ளலாம். முழுக்கத் தமிழ்ச் சொற்களிலேயே எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற மொழி இருக்கிறது. ஐந்தாறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிரல் என்றால் என்னவென்று காட்ட அருமையானது, ஆனால் அதிலேயே நின்றுவிடாமல் பைத்தானுக்கு வந்துவிடுங்கள், எழிலே பைத்தானில் எழுதப்பட்டதுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்கிறேன், நம் பிள்ளைகளுக்கு இது சுவையான பாடம். பைத்தானிடம் 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் கேளுங்கள். மூன்று என்று எதிர்பார்ப்பீர்கள், ஐந்து என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கிற பொது முறை) ஐந்து குறிகளாக வைத்திருக்கிறது. கணினிக்குள் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்தான்: தமிழ் 'அ'வின் எண் 2949, மலையாள 'அ'வின் எண் 3333. இரண்டு எழுத்தும் தெரிந்த நம் ஊர்ப் பிள்ளைகள் இரண்டையும் தட்டி இந்த எண்களைத் தாங்களே எடுத்துப் பார்க்கட்டும். தமிழ் எழுத்துகளைச் சரியாக எண்ணித் தருவதற்கு ஓப்பன் தமிழ் என்கிற இலவச நிரலகமும் (லைப்ரரி) இருக்கிறது.

தமிழில் பாடம் கேட்க ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் இருக்கிறது, சின்னச் சின்ன காணொளிகள், தமிழ்க் குரலில், பைத்தான், சி, சி++, ஜாவா, பிஎச்பி என்று பலவும். கூடப் படிக்கிற மலையாளி நண்பனுக்கு மலையாளத்திலும் உண்டு. கணியம் என்கிற இணைய இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது, அங்கே மின்னூல்கள் இலவசமாகக் கிடைக்கும். இந்த இரண்டும் போதும். பத்து சேனலுக்கு சப்ஸ்கிரைப் செய்வதால் எந்த லாபமும் இல்லை.

முடிவெடுக்கும் முன் ஒரு வாரம்

இவ்வளவு படித்தும் இரண்டு மொழிக்கு நடுவே ஊசலாடினால் ஒரு வாரம் ஒதுக்குங்கள். முதல் மூன்று நாள் ஒரு மொழியில் மேலே சொன்ன பால் கணக்கை எழுதுங்கள், அடுத்த மூன்று நாள் இன்னொன்றில். எதில் எழுதும்போது நேரம் போனது தெரியவில்லையோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் நாள் இது பற்றி யாரிடமும் கருத்துக் கேட்காதீர்கள்.

தேர்ந்தெடுத்த பிறகு அதே கணக்கையே வளர்த்துக்கொண்டு போங்கள். முதலில் ஒரு நாள் கணக்கு. அடுத்து பத்து நாள் கணக்கு, அதற்குச் சுழற்சி வேண்டும், பட்டியல் வேண்டும். பாலின் கொழுப்பையும் எஸ்என்எஃப்பையும் (கொழுப்பு நீங்கலான சத்து) வைத்து விலை மாறுமே, அதற்கு நிபந்தனை வேண்டும். தெருவில் பத்து வீட்டுக்கும் இதே கணக்கு என்றால் செயற்கூறாக (ஃபங்ஷன்) பிரித்து எழுத வேண்டும். நாளைக்குத் திறந்தாலும் கணக்கு இருக்கணும் என்றால் கோப்பில் சேமிக்க வேண்டும். யாராவது லிட்டருக்குப் பதில் 'ஆறு' என்று எழுத்தில் தட்டிவிட்டால் புரோகிராம் விழாமல் இருக்கணும், அதற்குப் பிழை கையாளுதல். பெயர்களைத் தமிழில் அச்சிட்டு நேராக அடுக்க முயன்றால் வரிசை கோணும், ஏன் என்று 'தமிழ்' சொல்லின் நீளம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரூபாயைத் தசமத்தில் வைத்துக் கூட்டினால் கடைசியில் சின்ன வித்தியாசம் வரும், 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொல்லிப் பாருங்கள், 0.3க்குப் பின்னால் பூச்சியங்கள் வரிசையாக வந்து கடைசியில் ஒரு 4 நிற்கும். அதனால் பணத்தைப் பைசாவாக முழு எண்ணில் வைப்பார்கள். ஒரு புத்தகத்தின் முதல் பாதிப் பாடங்கள் அத்தனையும் இந்த ஒரு கணக்கில் வந்துவிடும். வீட்டில் மாடு இல்லாதவர்கள் மளிகைக் கடைப் பற்று, தேங்காய் எண்ணிக்கை, தையல் கடை அளவு என்று தங்களுக்குத் தெரிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள், விடை சரியா தப்பா என்று உங்களுக்கே தெரிகிற கணக்காக இருந்தால் போதும்.

ஏஐயே எழுதித் தருகிறதே, எதற்குப் படிக்கணும் என்று கேட்பார்கள். அது எழுதித் தந்ததில் 288 ரூபாய் என்று விடை வந்தால் அது தப்பு என்று யாருக்குத் தெரியும்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் படிக்கிறோம். முதல் மூன்று மாதம் புரோகிராமை எழுதித் தரச் சொல்லாதீர்கள், நீங்கள் எழுதியதில் வந்த பிழைச் செய்தியைக் கொடுத்து இதன் அர்த்தத்தைத் தமிழில் சொல் என்று மட்டும் கேளுங்கள்.

ஆளும் காசும்

கேட்க ஓர் ஆள் என்று சொன்னேனே, அவர் பெரிய என்ஜினியராக இருக்கவேண்டியதில்லை. லிட்டில் கைட்ஸில் (கேரளப் பள்ளிகளின் ஐடி மன்றம்) இருந்த சீனியர் அக்கா போதும், பள்ளியின் கம்ப்யூட்டர் டீச்சர் போதும், பாலக்காட்டிலோ கோவையிலோ கல்லூரிக்குப் போகிற தெருக்காரப் பையன் போதும். உங்களைவிட ஆறு மாதம் முன்னால் போனவர்தான் உண்மையில் சரியான ஆள், அவருக்குத் தான் எங்கே தடுக்கி விழுந்தார் என்பது இன்னும் மறந்திருக்காது. அவருக்குத் தெரிந்த மொழி பிஎச்பி என்றால் பிஎச்பியிலேயே ஆரம்பியுங்கள், தப்பே இல்லை. கேட்கும்போது 'அண்ணா, ஓடமாட்டேங்குது' என்று மட்டும் சொல்லாமல், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, எந்த வரி என்று மூன்றையும் எழுதி அனுப்புங்கள். எழுதும்போதே பாதிப் பிழை உங்களுக்கே பிடிபடும்.

பணம் கட்டிச் சேர்கிற கோர்ஸ்கள் பற்றி ஒரு வார்த்தை. நூறு சதவீத வேலை உத்தரவாதம், மூன்று மாதத்தில் ஃபுல் ஸ்டாக் என்று நோட்டீஸ் கொடுத்து ஐம்பதாயிரம் கேட்கிற இடங்களில் நகையை அடகு வைத்துக் கட்டிய குடும்பங்கள் நம் பக்கம் இருக்கின்றன. சேர்வதற்கு முன்னால் ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். போன பேட்ச்சில் படித்த இரண்டு பேரின் புரோகிராமைக் காட்டச் சொல்லுங்கள். பாதியில் நின்றால் மீதிப் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மூன்றில் எதற்கு மழுப்பினாலும் எழுந்து வந்துவிடுங்கள், அம்மா, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாலும் கூச்சப்படாமல் எழுந்து வந்துவிடுங்கள். முதல் மொழியைக் காசு கொடுக்காமலே படிக்க முடியும். காசு கொடுத்துப் படிக்க நல்ல விஷயங்கள் பிற்பாடு வரும்.

இரண்டாவது மொழிக்கு எப்போது போவது?

முதல் மொழியில் பால் கணக்கு கோப்பில் சேமிக்கிற கட்டம்வரை, புத்தகத்தைப் பார்க்காமல் வெற்றுத் திரையில் இருந்து எழுத முடிகிறது என்றால் போகலாம். அதற்கு முன்னால் போகாதீர்கள், எத்தனை பேர் என்ன சொன்னாலும். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்தில் இருந்து ஒரு வருடம் ஆகும், பள்ளி நாட்களில் இன்னும் அதிகமாகவே ஆகும், ஆகட்டும்.

பைத்தானில் ஆரம்பித்தவர்கள் அடுத்து சியோ சி++ஓ எடுத்தால் கல்லூரி முதல் வருடம் நிம்மதியாகப் போகும், பிசிஏவிலும் என்ஜினியரிங்கிலும் பெரும்பாலும் சியில்தான் தொடங்குவார்கள். சி++இல் ஆரம்பித்தவர்களுக்குப் பைத்தானோ ஜாவாஸ்கிரிப்டோ. யாராக இருந்தாலும் நடுவில் எஸ்க்யூஎல் கொஞ்சம் படித்துவிடுங்கள். அது 1970களில் பிறந்தது, இன்னமும் வங்கி முதல் ரயில் டிக்கெட் வரைக்கும் எங்கே தரவு இருக்கிறதோ அங்கெல்லாம் வேலை செய்கிறது, ஒரு மாதத்தில் அடிப்படை வந்துவிடும். இரண்டாவது மொழியைத் தொடங்கும்போது புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்து போகவேண்டாம். பழைய பால் கணக்குப் புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு, அதைப் புது மொழியில் வரிவரியாகத் திரும்ப எழுதுங்கள், தடுக்குகிற வரிக்கு மட்டும் புத்தகத்தைத் திறவுங்கள்.